நெட் இல்லாமல் ஓடுமா? கடலோரத்திலிருந்து புரோகிராமிங் தொடங்குகிறவர்களுக்கு

எந்த மொழியில் தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் பைத்தான். அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிடலாம். ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்ட்டா, ரஸ்ட்டா என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து மாதக்கணக்கைக் கரைத்தவர்கள் நம் ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபத்திலும் உண்டு, கீழக்கரையிலும் உண்டு. அந்த நேரத்தில் அவற்றில் எதை எடுத்து உட்கார்ந்திருந்தாலும், ஓடுகிற புரோகிராம் ஒன்றாவது கையில் இருந்திருக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. பெரிய நகரத்தில் உட்கார்ந்து பாடம் எடுப்பவர்கள், இணையம் எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். இங்கே தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி காட்டும். (டேட்டா ரோமிங்கை அணைத்தே வையுங்கள்.) அதனால் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: நெட் இல்லாமல் ஓடுமா? கீழே சொல்கிற எல்லாமே அந்தக் கேள்வியில் தேறியவை. சில இடங்களில் தேறாததையும் சொல்லியிருக்கிறேன், ஏனென்று காரணத்தோடு.

இயந்திரம்

புது லேப்டாப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கிற பழைய லேப்டாப் போதும். 4 ஜிபி என்றாலும் ஓட்டலாம், பிரவுசரில் இருபது டேப் திறந்து வைக்காமல் இருந்தால். வாங்கும்போது யுஎஸ்பி துளைகளையும் சார்ஜர் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் கிடந்த மெஷினாக இருந்தால் அங்கே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள். வாங்கிய பிறகும் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம், காற்று என்னவோ அங்கேதான் நன்றாக வரும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. பல பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படிப்பட்டதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற பெயரில் வரும் அதன் இலகுவான பதிப்பு பழைய மெஷினிலும் மூச்சு வாங்காது. பைத்தான் அதில் முன்கூட்டியே இருக்கும்.

லேப்டாப்பே இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியில் பைத்தான் ஓடும். வேலை செய்யும், ஆனால் போன் திரையில் கோட் அடிப்பது கண்ணுக்கும் விரலுக்கும் தண்டனை. ஒரு ப்ளூடூத் கீபோர்டு சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

ஒரே தடவை நல்ல நெட் கிடைக்கும்போது

ராமநாதபுரத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கிற நண்பர் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்விட்டு வாருங்கள். இறக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

பைத்தான். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையில் பாத்தில் (கணினி புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதை டிக் செய்யுங்கள். செய்யாமல் விட்டால், பைத்தானைப் போட்ட பிறகும் பைத்தான் இல்லை என்று கணினி சொல்லும், ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

தொன்னி என்ற, கோட் எழுதி ஓட்டும் எடிட்டர். எஸ்தோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்காகவே உருவானது, சின்னது. ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டி, எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். எல்லோரும் விஎஸ் கோட் போடச் சொல்வார்கள். நானும் வேலைக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம் தொன்னி போதும். விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன், தீம் என்று நேரம் போகிற வேகம் தெரியாது.

கிட், அப்புறம் ஜீல். கிட் என்பது கோடில் நாம் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கருவி. ஜீல் என்பது மொழிகளின் ஆவணங்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் தேட உதவும் செயலி. பைத்தான், எஸ்க்யூலைட், எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆவணங்களை அதில் இறக்கிவிடுங்கள். கூகுள் இல்லாத ராத்திரியில் இதன் அருமை தெரியும்.

கூடுதல் பேக்கேஜ் (பிறர் எழுதித் தந்திருக்கும் கோட்) எதையும் இப்போது இறக்க வேண்டாம். தேதிக்கணக்கு, சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்), டேட்டாபேஸ் எல்லாம் பைத்தானோடு சேர்ந்தே வருகின்றன. பின்னால் ஏதாவது தேவைப்பட்டால், பிப் டவுன்லோட் கட்டளையால் நண்பர் வீட்டில் ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நெட் இல்லாமலே நிறுவலாம்.

போனுக்கான ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என் கேள்வியில் தேறவில்லை. இறக்கவே ஜிபிக்கணக்கில் ஆகும், திறந்த பிறகும் ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் எதையாவது இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். 8 ஜிபி ரேமில் எமுலேட்டரையும் (கணினிக்குள் ஓடும் போலி போன்) சேர்த்துத் திறந்தால் மெஷின் மயங்கும். மொபைல் ஆப் செய்யும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

முதல் புரோகிராம்: ஏலக் கணக்கு

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நோட்டில் எழுதுகிற கணக்கு ஒன்று இருக்கும். கருவாட்டுக் கணக்கு, கடல்பாசி எடுக்கிறவர்களின் எடைக் கணக்கு, ராமேஸ்வரத்தில் லாட்ஜ் அறைக் கணக்கு, எதுவாகவும் இருக்கலாம். அதை எடுங்கள். கால்குலேட்டர், டிக்டாக்டோ போன்ற பாடப்புத்தகப் பயிற்சிகளில் எது சரி எது தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. நோட்டுக் கணக்கில் தப்பு வந்தால் நோட்டுக்காரர் அடுத்த நிமிடமே சொல்லிவிடுவார்.

நான் மீன் ஏலத்தை வைத்துச் சொல்கிறேன். படகு கரைக்கு வருகிறது. நண்டு, கணவாய், விளைமீன், சூடை என்று பிரித்து எடை போடுகிறார்கள், கிலோவுக்கு விலை வைக்கிறார்கள். மொத்தத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்து மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். இவ்வளவுதான். ஆனால் புரோகிராமிங்கில் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் இதற்குள்ளேயே இருக்கிறது.

தொன்னியைத் திறந்து இப்படி அடியுங்கள்:

விலை = 350
எடை = 2.5
தொகை = விலை * எடை

ஆமாம், தமிழிலேயே. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். தொகையை பிரிண்ட் செய்தால் 875.0 என்று வரும். கற்றுக்கொள்ளும் நாட்களில் இது பெரிய வசதி, எந்தப் பெயர் மொழியுடையது, எந்தப் பெயர் நாம் வைத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிக்கொள்ளலாம். (கட்டளைகளும் தமிழிலேயே இருக்கும் எழில் என்ற மொழியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு லாஜிக் புரியவைக்க நல்லது. வேலை தேடுகிறவருக்கு அதில் அதிக நாள் தங்க நேரமில்லை.)

இப்போது எடையைப் புரோகிராமே கேட்கிற மாதிரி மாற்றுங்கள். இன்புட் கட்டளையில் 2.5 என்று ஒரு கூடையும் 1.5 என்று இன்னொரு கூடையும் கொடுத்துக் கூட்டினால் 4 வராது, 2.51.5 என்று வரும். இன்புட்டில் வருவது எல்லாமே பைத்தானுக்கு எழுத்துச் சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. எண்ணாக மாற்றிக்கொள்வது நம் பொறுப்பு. எண், சரம் என்ற வேறுபாட்டை எவ்வளவு வீடியோ பார்த்தாலும் மனதில் ஏறாது, இந்த 2.51.5 ஏற்றிவிடும்.

மாற்றிவிட்டீர்கள். சரி, இனி 1.1 கிலோவையும் 2.2 கிலோவையும் கூட்டுங்கள். 3.3000000000000003 என்று வரும். பைத்தான் கெட்டுப்போகவில்லை. கணினி பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் வைக்கிறது, 1.1 அதில் முழுசாக அடங்காது. ஜாவா, சி, ஜாவாஸ்கிரிப்ட் எதில் செய்தாலும் இதே கதைதான். காசும் எடையும் புழங்குகிற கணக்கில் இதற்கு எளிய வழி: எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள். 1,100 கிராமும் 2,200 கிராமும் 3,300 கிராம்தான், ஒரு சந்தேகமும் இல்லை. திரையில் காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாயாகவும் மாற்றிக் காட்டுங்கள்.

பங்கு பிரிப்பதில் இன்னொன்று வரும். 10,000 ரூபாயை ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,428.57. பெருக்கிப் பார்த்தால் ஒரு பைசா குறையும். கரையில் யாரும் பைசாவில் பிரிப்பதில்லை. 1,420 வீதம் கொடுத்தால் 60 ரூபாய் மிஞ்சும். அது படகுக்கா, டீக்கடைக்கா? இதைப் புரோகிராமர் முடிவு செய்யக்கூடாது. போய்க் கேளுங்கள். அதுபோலப் படகுக்கு எத்தனை பங்கு, டிரைவருக்கு எத்தனை என்பது ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். அந்த எண்களைக் கோடுக்குள் புதைத்து வைத்தால் ஒவ்வொரு படகுக்காரருக்கும் தனித்தனிப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். தனியாக ஒரு கோப்பிலோ டேபிளிலோ வையுங்கள். வேலையில் சேர்ந்தபின் வங்கிக்கோ கடைக்கோ எழுதும்போதும் தினமும் எடுக்க வேண்டிய முடிவு இது.

சிவப்பு எழுத்தைப் படிப்பது

பிழை வந்ததும் பாதிப் பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறார்கள். வேண்டாம். பைத்தான் காட்டும் பிழைச்செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். பிழையின் பெயர் அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று இருக்கும். 3.11 பதிப்பிலிருந்து அந்த வரிக்குள் எந்த இடம் என்றுகூட அடிக்கோடு போட்டுக் காட்டுகிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம்.

நேம்எரர் என்றால் பெரும்பாலும் எழுத்துப் பிழை. டைப்எரர் என்றால் அநேகமாக எண்ணையும் சரத்தையும் கலந்துவிட்டீர்கள். இன்டென்டேஷன்எரர் என்றால் வரித் தொடக்க இடைவெளி சரியில்லை. இவை மூன்றும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஏலக் கணக்கில் வருகிற சுவையான ஒன்று ஜீரோடிவிஷன்எரர். மாதச் சராசரி விற்பனை பார்க்க, மொத்தத் தொகையைக் கடலுக்குப் போன நாட்களால் வகுக்கிறீர்கள். மார்ச் வரை நன்றாக ஓடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். மே மாதத்தில் போன நாள் பூஜ்யம், புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். வகுப்பதற்கு முன் நாட்கள் பூஜ்யமா என்று ஒரு இஃப் (நிபந்தனை) போட்டுப் பார்த்தால் முடிந்தது. சோதனைக்கு மே மாதத்தை வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்கிற பழக்கம்தான் இங்கே முக்கியம். நிறுவனங்களில் இதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

எஸ்க்யூலைட்

கணக்கைப் புரோகிராம் மூடியதும் மறந்துபோகாமல் வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும். எஸ்க்யூலைட்டைத்தான் எடுக்க வேண்டும். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்தபோது தோன்றிய யோசனை இது. கப்பலில் சேதம் ஏற்பட்டால் என்ன செய்வது என்று சொல்லும் மென்பொருள் அது, டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனால் அதுவும் நின்றுவிடும். சர்வரே இல்லாமல், டேட்டா முழுவதும் வட்டில் ஒரே கோப்பாக இருந்தால் என்ன என்று யோசித்தார். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது.

நமக்கு அதில் பிடித்த குணம் இன்னொன்று: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும், அடுத்த முறை திறக்கும்போது பாதியில் நின்ற மாற்றத்தைத் தானே நீக்கி, பழைய சரியான நிலைக்குத் திரும்பிக்கொள்ளும்.

படகு, வியாபாரி, ஏலம், செலவு என்று நான்கு டேபிள் போட்டால் தொடங்கிவிடலாம். எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி, எந்த மாதம் கணவாய்க்கு நல்ல விலை என்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். ஜாயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (வகை வகையாகத் தொகுப்பது) இரண்டும் இதிலேயே வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபிறகு மொழிகள் மாறின, ஃப்ரேம்வொர்க்குகள் வந்தன, போயின. டேட்டாபேஸிடம் இப்படிக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் அப்படியே இருக்கிறது. 1970-களில் பிறந்த மொழி. பல வேலை அறிவிப்புகளில் அது ஒரு வரியாக இருக்கும். பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள்.

பேக்கப் எடுக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோப்பை அப்படியே காப்பி செய்யாதீர்கள். அதற்கென்று எஸ்க்யூலைட்டிலேயே பேக்கப் கட்டளை இருக்கிறது.

கிட்

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. உலகம் முழுக்கப் பிரிந்து கிடக்கிற ஆட்கள் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பதால், ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படி செய்தார். அதனால்தான் நமக்குத் தோதாக இருக்கிறது. கமிட் செய்ய (மாற்றத்தைப் பதிய), பழைய நிலைக்குத் திரும்ப, கிளை பிரிக்க, எதற்கும் நெட் வேண்டாம். புஷ் செய்யும்போது (இணையத்தில் இருக்கும் பிரதிக்கு அனுப்பும்போது) மட்டும் வேண்டும், அதுவும் சில கேபிதான். ராத்திரி சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் அனுப்பிவிடலாம்.

இன்னிட், ஆட், கமிட், லாக், டிஃப். இந்த ஐந்தை மட்டும் முதல் மாதம் பழகுங்கள். கமிட் செய்தியில் "மாற்றம்" என்று எழுதுவதில் பயனில்லை. "தடைக்கால மாதத்தில் சராசரி கணக்கிடும்போது நின்றதைச் சரிசெய்தேன்" என்று எழுதுங்கள். படகுக்காரர்களின் உண்மையான டேட்டாபேஸ் கோப்பையும் கடவுச்சொல்லையும் கிட்டில் ஏற்றாதீர்கள். ஒருவருடைய பாக்கிக் கணக்கு ஊருக்குத் தெரிந்தால் கரையில் நிம்மதியாக நடக்க முடியாது.

தமிழ் எழுத்து தரும் தொல்லைகள்

இதை ஆங்கிலப் பாடங்களில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "மீன்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள். 4 என்று சொல்லும். நமக்கு இரண்டெழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று நான்காக வைத்திருக்கிறார்கள். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதுவே 12 பைட். பெயர் பத்தெழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு போட்டால் தமிழ்ப் பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டு, கொம்பும் காலும் இல்லாமல் நிற்கும்.

அகரவரிசையும் அப்படியே. பாறை, பால்சுறா இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பைத்தான் பாறையை முன்னால் வைக்கும். அகராதிப்படி பால்சுறாதான் முதலில் வர வேண்டும், லகரத்துக்குப் பிறகுதான் றகரம். யூனிகோடின் எண் வரிசையில் ற, ல-வுக்கு முன்னால் இருப்பதால் வரும் வினை. சின்னப் பட்டியல் என்றால் சரியான எழுத்து வரிசையை நீங்களே ஒரு பட்டியலாகக் கொடுத்து ஒப்பிடச் செய்யலாம். பெரிய வேலைக்கு ஐசியூ என்ற மென்பொருள் நூலகம் இருக்கிறது, தமிழ் வரிசை அதற்குத் தெரியும்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ் கோணல் மாணலாக வருகிறதா? எழுதும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், சரியாகிவிடும். டிடிபி கடையில் அடித்து வாங்கிய பழைய பட்டியல் கிடைத்தால் அது பாமினி எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துருவை மாற்றியதும் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பதே அதுதான். யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வழியாகக் கொண்டுவந்த பிறகே டேட்டாபேஸில் ஏற்றுங்கள்.

அடுத்த மொழி

ஏலக் கணக்கு ஒருவருக்காவது பயன்பட்டபிறகு, இணையப் பக்கம் செய்ய உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போங்கள். பிரெண்டன் ஐக் 1995-ல் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார், அந்த அவசரம் இன்னும் தெரியும். "5" என்ற சரத்தோடு 3-ஐக் கூட்டினால் "53", கழித்தால் 2. பைத்தான் இந்த இடத்தில் பிழை சொல்லி நிறுத்திவிடும். அதனால்தான் முதல் மொழியாக ஜாவாஸ்கிரிப்ட்டைச் சொல்லவில்லை. ஆனாலும் பிரவுசரில் ஓடுவது இதுதான். சர்வீஸ் வொர்க்கர் என்ற வசதியை வைத்து, ஒருமுறை திறந்த பக்கம் சிக்னல் இல்லாத படகுத்துறையிலும் திறக்கும்படி செய்யலாம். படகுக்காரர் போனில் கணக்குப் பார்க்க அதுவே போதும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ தேவைப்படாமலே போகலாம்.

கல்லூரியில் ஜாவா இருந்தால் அதை மெனக்கெட்டுப் படியுங்கள், வேலைகள் நிறைய இருக்கின்றன. ரஸ்ட், கோ இரண்டும் நல்ல மொழிகள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏஐயிடம் கோட் கேட்கலாமா என்றால், கேளுங்கள். வந்த கோடில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று நெட்டை அணைத்துவிட்டு இன்னொருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத வரியை உங்கள் புரோகிராமில் வைக்காதீர்கள். நேர்காணலில் அந்த வரியில்தான் விரல் வைப்பார்கள்.

வேலைக்குப் போகும்போது

நமக்குப் பக்கத்தில் மதுரை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன. அப்புறம் கோவை, சென்னை. விண்ணப்பத்தில் பத்து மொழிப் பெயர்களை அடுக்குவதைவிட ஏலக் கணக்குப் புராஜெக்ட்டின் கிட் இணைப்பைக் கொடுங்கள். ரீட்மீ கோப்பில் என்ன பிரச்சினை, யார் பயன்படுத்துகிறார்கள், எப்படி ஓட்டுவது என்ற மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பணத்தை ஏன் பைசாவில் வைத்தீர்கள், பங்கு விகிதத்தை ஏன் டேபிளில் வைத்தீர்கள், மே மாதத்தில் என்ன நடந்தது என்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் தடுமாறினால் பரவாயில்லை, விஷயம் தெரிந்த ஆள் என்பது கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்.

சோதனைக்கு வைத்திருக்கிற கணக்கில் உண்மையான பெயர்களை மாற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். முந்தின நாள் ராத்திரி வைஃபையை அணைத்துவிட்டுப் புராஜெக்ட்டை ஒருமுறை தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள், அங்கே அவர்களின் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.